இஃப் அண்ணையின் கப்பல்கள் மூழ்குவதில்லை

உலகத்தில் நடக்கக்கூடிய எந்தக் கெட்ட காரியத்தையும் ஆங்கிலத்தில் நடக்க விடாத ஒரே மனிதர் இஃப் அண்ணைதான். தமிழில் நடக்க விடாதவர்கள் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். வெளிக்கிடும்போது ‘போறன்’ என்று சொல்லாமல் ‘போட்டு வாறன்’ என்பார்கள். பானையில் அரிசி இல்லை என்று சொல்லாமல் அரிசி வாங்கவேணும் என்பார்கள். ஆனால் ஆங்கிலம் என்று வந்துவிட்டால் அதே ஆட்கள் ‘டெட்’, ‘பினிஷ்’, ‘க்ளோஸ்’ என்று கூசாமல் சொல்லித் திரிவார்கள். இஃப் அண்ணையிடம் ஆங்கிலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

எழுபதுகளின் பிற்பாதியில், தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து முடித்த கையோடு, குருநகர்க் கரையில் ஒரு சிறிய படகுத் தொழிற்சாலையில் படவரைஞராகச் சேர்ந்தேன். நல்லூரிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். மேல்மாடியில் என் வரைபலகை, கீழே எஞ்சின் கொட்டகை, ஜன்னலைத் திறந்தால் கடல். கொட்டகையில் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டுகிற பிட்டர்தான் இஃப் அண்ணை. முப்பதைத் தொட்ட வயது. நகக்கண்ணில் எப்போதும் கிறீஸ். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதாவின் சிறு பதக்கம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பள நாளில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பேசாமல் நின்றுகொண்டிருப்பார்.

முதல் நாள் நான் படியேறும்போது கீழே ஒரு குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது.

“இஃப் யூ ஸ்டார்ட், ஐ வில் கிவ் யூ நியூ ஓய்ல்.”

யாரோ வெளிநாட்டுக்காரர் வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். எதிரில் இருந்தது ஒரு பழைய டீசல் எஞ்சின். அது இருமியது, புகைத்தது, நின்றுவிட்டது.

“இஃப் யூ ஸ்டார்ட் நவ்,” என்று அவர் சலுகையைக் கூட்டினார், “நியூ பில்டர் ஓல்சோ.”

எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. பக்கத்தில் நின்ற போர்மன் தலையில் அடித்துக்கொண்டார்.

“பிள்ளை, பயப்பிடாதையுங்கோ. உவன் மனிசரைவிட உதுகளோடைதான் கனக்க இங்கிலீசு கதைக்கிறவன். உதுகள் பிழை பிடியாதுகள்.”

நான் எதையும் அட்டவணை போட்டுப் பார்க்கிற ஆள். என் அட்டவணைகள் எல்லாம் இஃப் அண்ணையின் அட்டவணைக்கு முன்னால் தூசு. அவர் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காலத்தை ஒதுக்கியிருந்தார். திங்கட்கிழமை நிகழ்காலம், செவ்வாய் இறந்தகாலம், புதன் எதிர்காலம், வியாழன் ‘ஹாவ்’ வருகிற காலங்கள் எல்லாம், வெள்ளி முழுக்க முழுக்க ‘இஃப்’. அன்றைக்குரிய காலத்தை விட்டு அவருடைய ஆங்கிலம் ஓரடி வெளியே வைக்காது. வெள்ளிக்கிழமைகளில் அவரிடமிருந்து ஒரு ஸ்பேனரைக்கூட நிபந்தனை இல்லாமல் வாங்க முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பல படகுகளுக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியார் தன் எஞ்சினைப் பற்றிக் கேட்டுத் தொலைபேசி எடுத்தார். போர்மன் மேலேயிருந்து கத்தினார்.

“டேய், சம்மாட்டியாற்றை எஞ்சின் என்ன மாதிரி? மனிசன் லைனிலை நிக்குது. இங்கிலீசிலை எண்டாலும் கெதியாச் சொல்லித் துலை!”

“இட் வாஸ் பினிஷ்ட்!” என்று கீழேயிருந்து கம்பீரமாகப் பதில் வந்தது.

முடிந்துவிட்டதாம், வந்து ஏற்றுங்கள் என்று போர்மன் சொல்லிவிட்டார். சம்மாட்டியார் லொறியும் ஆட்களுமாக வந்து இறங்கினார். எஞ்சின் ஒரு சாக்கின்மேல் துண்டு துண்டாகக் கிடந்தது.

“என்ன தம்பி இது?”

“இண்டைக்குச் செவ்வாய் ஐயா. இறந்தகாலம். நாளைக்குக் கேட்டிருந்தா ‘வில் பினிஷ்’ எண்டு சரியாச் சொல்லியிருப்பன்.”

“காலமோ இறந்தது? என்ரை எஞ்சினெல்லோ இறந்து கிடக்குது!”

இஃப் அண்ணை பதறிப்போய்ச் சிலுவை போட்டார். “ஐயோ ஐயா, வாயாலை அப்பிடிச் சொல்லாதையுங்கோ. அது நித்திரை.”

இந்தப் பாடெல்லாம் ஒரே ஒருத்திக்காக. பெயர் பிலோமினா. கோயிலடியில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் பழக்கிக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பனைக் கரையில் எல்லோரும் போசன் என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டுக் கப்பல்களில் மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவராக இருந்து ஓய்வெடுத்தவர். ஓய்வெடுத்த பிறகும் காலை அகட்டி அகட்டித்தான் நடப்பார். குருநகர் வீதி எந்த நேரத்திலும் ஒரு பக்கம் சாயலாம் என்பது அவர் எண்ணம்.

போசனுக்குக் கொள்கை ஒன்றுதான். “கப்பல்காரனுக்குத்தான் என்ரை பெட்டை. கரையிலை நிக்கிறவனுக்குக் குடுத்தால் அவன் ஒவ்வொரு நாளும் வீட்டிலை நிப்பான். அந்தப் பிள்ளை சீவிக்கிறேல்லையோ?”

பேசாலை என்ற ஊரில் ஒரு கப்பல் சமையற்காரர் ஏற்கெனவே பெண் கேட்டிருந்தார். இதற்கிடையில், ஒரு கிரேக்கக் கப்பலுக்கு ஆள் எடுக்கக் கொழும்பிலிருந்து ஏஜன்ட் ஒருவர் யாழ்ப்பாணம் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. நேர்முகப் பரீட்சை ஆங்கிலத்தில். அதில் எடுபட்டால் இஃப் அண்ணைக்குப் பெண் தருவதாகப் போசன் சொல்லியிருந்தார். எடுபடாவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். இஃப் அண்ணை எழுந்து எஞ்சினுக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

எனக்கும் ஆங்கிலம் தேவைப்பட்டது. எங்கள் வயதுக்காரர் எல்லாவற்றையும் தமிழிலேயே படித்தவர்கள். அடுத்த படிக்கு நான் எடுக்கவேண்டிய பரீட்சை ஆங்கிலத்தில் இருந்தது. ஆகவே மதிய இடைவேளைகளில் இருவரும் சேர்ந்து படித்தோம்; அந்த நேரத்துக்கு மட்டும் அவருடைய கிழமை அட்டவணை செல்லாது. என்னிடம் ஒரு பழைய இலக்கணப் புத்தகம் இருந்தது, இங்கிலாந்தில் அச்சடித்தது. ஒரு வசனத்தை நான் வாசிப்பேன், அடுத்ததை அவர் வாசிப்பார். பிறகு அதே மாதிரியில் சொந்தமாக ஒன்று சொல்லவேண்டும். நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் சிக்கலில்லாமல் கடந்தன. ‘இஃப்’ அதிகாரம் வந்தது. படகு மூழ்கினால் எல்லோரும் அமிழ்ந்துபோவோம் என்று முதல் வசனம். அவருடைய முறை.

நிமிர்ந்து பார்த்தேன். புத்தகத்தை மூடிவிட்டுத் தனக்கு ஒரு சிலுவை போட்டார். பிறகு புத்தகத்துக்கும் ஒன்று போட்டார்.

“தங்கச்சி, உது படிக்கிற புத்தகமோ, செத்தவீட்டு ஒப்பாரியோ?”

“அண்ணை, இது சும்மா ஒரு உதாரணம்.”

“கடலைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு சும்மா உதாரணமோ? முதல்லை உந்தச் சன்னலைச் சாத்தும்.”

“கடலுக்கு இங்கிலீசு விளங்காது அண்ணை.”

“ஆர் சொன்னது? இங்கிலாந்திலையிருந்து எத்தினை கப்பல் வந்துது. அங்கத்தைக் கடல் என்ன, தமிழிலையோ கதைச்சது?”

மிதப்பு விதிகளில் நல்ல புள்ளி வாங்கியவள் நான். ஆனாலும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

அன்றிலிருந்து புத்தகத்து வசனங்கள் எல்லாம் பழுதுபட்ட எஞ்சின்கள்போல அவர் கைக்குப் போய்த் திருத்தப்பட்டு வந்தன. படகு மூழ்கினால் என்பது, படகு மிதந்தால் நாங்களும் மிதப்போம் என்றானது. அவன் நோய்ப்பட்டால் வைத்தியர் வருவார் என்பது, வைத்தியர் வந்தால் தேத்தண்ணி குடிப்பார் என்றானது. மழை பெய்திராவிட்டால் பயிர் அழிந்திருக்கும் என்ற வசனத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மழை பெய்தது. பயிர் நன்றாக இருக்கிறது” என்று ஆங்கிலத்தில் இரண்டு வசனமாகச் சொன்னார்.

“இதிலை இஃப் இல்லையே அண்ணை?”

“மழையும் பெய்து, பயிரும் நல்லாயிருக்கு. பிறகென்னத்துக்கு இஃப்?”

அவர் விலக்கிவைத்த விஷயங்களை நான் மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். மூழ்குதல், தீப்பிடித்தல், பிந்தி வருதல், வராமலே விடுதல், காய்ச்சல், கயிறு அறுதல், விறகு நனைதல். கடைசியாகச் சொன்னதில் என்ன கேடு என்று கேட்டேன்.

“நனைஞ்ச விறகு எரியாது. எரியாட்டிச் சோறில்லை. சோறில்லாட்டி…” என்று தொடங்கியவர் சடாரென்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

ஒருநாள் பிலோமினாவே படியேறி வந்தார். பாய்த்துணி வெட்டுத்துண்டு இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்ததாகச் சொன்னார். துண்டுகள் கீழே இருந்தன. அவர் மேலே வந்திருந்தார்.

“நீங்கள்தானே மிஸ், அவரோடை இங்கிலீசு படிக்கிறது? அந்தாள் என்னைக் கேட்டதும் இங்கிலீசிலைதான். ‘இஃப் யூ லைக் மீ, ஐ வில் மரி யூ’ எண்டார். எனக்கு விருப்பமில்லாட்டி என்ன செய்வியள் எண்டு கேட்டன். அந்த வசனம் தங்கடை பாடத்திலை இல்லையாம்.”

இருவரும் சிரித்தோம். அவருடைய சிரிப்பு முதலில் நின்றது.

“அப்பா பேசாலைக்கு ஆளனுப்ப நிக்கிறார், மிஸ். கப்பல்காரர் கேக்கிறதெல்லாம் கெட்ட கேள்விதானாம். நெருப்புப் பிடிச்சால் என்ன செய்வாய், தண்ணி உள்ளுக்கு வந்தால் என்ன செய்வாய் எண்டுதான் கேப்பினமாம். இவர் வாய் திறக்கமாட்டார். கும்பிட்டுக் கேக்கிறன், எப்பிடியாவது அவரை ஒரு கெட்ட வசனமாவது சொல்லப் பண்ணுங்கோ.”

அவர் போன பிறகு இதை ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாக எடுத்து யோசித்தேன். எங்களுக்குத் தேவை ஒரு கப்பல். அதில் எந்தக் கேடும் நடக்கலாம். நடந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது. யோசித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்தேன். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில், ஆழம் குறைந்த இடத்தில், நான் பிறக்க முன்னமே மூழ்கிப்போன ஓர் இரும்பு பார்ஜ் கிடந்தது. ஒருகாலத்தில் கப்பலிலிருந்து கரைக்குச் சாமான் ஏற்றியதாம். துருவேறிய முதுகு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதில் நீர்க்காகங்கள் இறக்கை உலர்த்திக்கொண்டிருந்தன.

“அண்ணை, அந்த பார்ஜுக்கு இனி என்ன நடக்கும்?”

இஃப் அண்ணை ஜன்னலால் எட்டிப் பார்த்தார். “இனி என்ன நடக்கக் கிடக்கு? எல்லாம் நடந்து முடிஞ்சுது.”

“அப்ப எல்லாக் கெட்டதும் அதிலையே நடக்கட்டும்.”

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “அதுக்குச் சொந்தக்காரர் ஆரும்?”

“கொம்பனி எப்பவோ பூட்டிக்கொண்டு போட்டுதாம்.”

“அந்தக் காகங்கள்?”

“அதுகள் பறந்திடும் அண்ணை.”

அதுவும் சரிதான் என்று பட்டிருக்க வேண்டும். புத்தகத்தை அவரே எடுத்து விரித்தார்.

அதற்குப் பிறகு அந்த பார்ஜ் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒவ்வொரு மதியமும் அது எரிந்தது, உடைந்தது, பாறையில் மோதியது. ஒருமுறை கடற்கொள்ளைக்காரர்கூட வந்துபோனார்கள். இஃப் அண்ணையின் ஆங்கிலம் கட்டவிழ்த்துவிட்ட கன்றுபோலத் துள்ளியது. பார்ஜில் தீப்பிடித்தால் முதலில் எண்ணெய்க் குழாயைப் பூட்டுவேன், காற்றாடியை நிறுத்துவேன், ஆட்களை மேலே ஏற்றுவேன் என்று கையை வீசிச் சொல்வார். நெருப்பு என்ற சொல் காதில் விழுந்து ஒருநாள் போர்மன் மணல் வாளியோடு மேலே ஓடிவந்தார்.

“எங்கையடா நெருப்பு?”

“பார்ஜிலை, போர்மன்.”

போர்மன் பார்ஜைப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு மெல்ல இறங்கினார். “அந்தப் பிள்ளைக்கும் தொத்திப்போட்டுது” என்று கீழே யாரிடமோ சொல்வது கேட்டது.

ஏஜன்ட் வந்தார். ஆட்களை எஞ்சினிலும் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று எங்கள் தொழிற்சாலையையே கேட்டிருந்தார்கள். பெரிய மேசை இருந்ததால் என் அறை நேர்முகப் பரீட்சைக்கு ஒதுக்கப்பட்டது. பேச்சில் தட்டுப்பட்டால் உதவ என்னையும் ஒரு மூலையில் இருக்கச் சொன்னார்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஏஜன்ட். அவர் பக்கத்தில் கிரேக்கக் கப்டன், நல்ல பருத்த மனிதர். அவருடைய ஆங்கிலமும் எங்களுடைய ஆங்கிலமும் தூரத்து உறவுக்காரர். யாரும் அழைக்காமலே போசனும் வந்து வாசலில் காலை அகட்டி நின்றார்.

நல்ல காலம், அன்று வெள்ளிக்கிழமை. இஃப் அண்ணை வெள்ளைச் சேட்டோடு வந்தார். கீழே எஞ்சின் சோதனையில் குறை ஒன்றும் இல்லை. பெயர், ஊர், செய்த வேலை என்ற கேள்விகளையும் ஆளுக்கொரு ‘இஃப்’ போட்டு ஒருவாறு கடந்தார். கப்டன் முன்னால் சாய்ந்தார்.

தன் கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

இஃப் அண்ணையின் முகம் மலர்ந்தது. ஜன்னலை நோக்கிக் கை நீட்டினார். “இன் தட் பார்ஜ், சேர், இஃப் பயர் கம்ஸ்…” என்று தொடங்கி, எண்ணெய்க் குழாய், காற்றாடி, ஆட்கள் என்று ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தார்.

கப்டன் திரும்பி பார்ஜைப் பார்த்தார். “அது இல்லை. என் கப்பல்.”

“யுவர் ஷிப், நோ பயர், சேர்.”

“தீப்பிடித்தால்!”

“நெவர், சேர்.”

ஏஜன்ட் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார். “கேட்ட கேள்விக்குப் பதிலைச் சொல்லும் ஐசே! அவற்றை கப்பலைப் பற்றித்தானே கேக்கிறார்?”

இஃப் அண்ணையின் நெற்றியில் வியர்வை ஓடியது. வாசலில் நின்ற போசனைப் பார்த்தார். தலையைக் குனிந்தார். “அதைச் சொல்லேலாது ஐயா,” என்றார். “அந்தக் கப்பலிலை ஆக்கள் இருக்கினம்.”

ஏஜன்ட் பெயரை வெட்டப் பேனாவின் மூடியைக் கழற்றினார். போசன் மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டார். அதில் பேசாலை முழுவதும் கேட்டது.

நான் எழுந்தேன். என் ஆங்கிலத்தில் காலங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. ஆனாலும் சொல்லிவிட்டேன். இவருடைய கரையில், மனிதர் போகிற கப்பலைப் பற்றி அப்படிப் பேச மாட்டார்கள். ஆகவே எல்லா ஆபத்தையும் இவர் அந்த பார்ஜில் வைத்துத்தான் பழகினார். அதில் யாரும் இல்லை. அது ஏற்கெனவே மூழ்கிவிட்டது.

கப்டன் எழுந்து தன் கதிரையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். ஏஜன்டுக்கு அவருடைய முதுகுதான் மிஞ்சியது.

“சரி,” என்றார். “அந்த பார்ஜில் தீ. எண்ணெய்க் குழாய் வெடித்துவிட்டது. அடுத்தது?”

இஃப் அண்ணை குழாயைப் பூட்டினார். கப்டன் மின்சாரத்தை நிறுத்தினார். இஃப் அண்ணை கைப்பம்புக்கு ஓடினார். கப்டன் அடித்தட்டில் தண்ணீரை விட்டார், இவர் இறைத்தார். கப்டன் பம்பை உடைத்தார். இவர் வாளியோடு வரிசையில் ஆட்களை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் கப்டனும் எழுந்துவிட்டார். இருவரும் ஜன்னலில் நின்று கைகளை வீசி வீசி, தலைமுறைக்கு முன்னால் மூழ்கிய ஒரு பார்ஜைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். ஏஜன்ட் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கூரையைப் பார்த்தார். கடைசி மனிதனும் ஏறிவிட்டான் என்று இஃப் அண்ணை சொன்னபோது நானும் மூச்சை விட்டேன்.

கப்டன் ஏஜன்டைப் பார்த்துத் தலையசைத்தார். போகும்போது என் வரைபலகையின் மரச்சட்டத்தில் விரல் முட்டியால் மெல்லத் தட்டிவிட்டுப் போனார். வாயால் சொன்ன கெட்டது பலிக்காமலிருக்க அவர்கள் பக்கத்தில் மரத்தைத் தட்டுவார்கள் என்று பிறகுதான் அறிந்தேன்.

போசன் உள்ளே வந்தார். “எப்ப கலியாணம்?”

“ஐயா… இஃப் பிலோமினா…”

“இஃப்பும் கிஃப்பும் வேண்டாம். கப்பல் ஏறமுன்னம் வந்து தாலியைக் கட்டு.”

கடற்கரைக் கோயிலில் கலியாணம். எனக்கு அந்தக் கோயில் பழக்கமில்லை. போர்மனுக்குப் பக்கத்தில் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். எதையும் முன்கூட்டியே பார்த்துவைக்கிற பழக்கத்தில், வாங்கில் கிடந்த பூசைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். மாப்பிள்ளையும் பொம்பிளையும் சொல்லவேண்டிய வாக்குறுதி அதில் இருந்தது. துன்பம் இருந்தது. நோய் இருந்தது. கடைசியில் மரணமும் இருந்தது. பக்கத்தைப் போர்மனிடம் நீட்டினேன்.

“எனக்குத் தெரியும் பிள்ளை,” என்று அவர் காதுக்குள் சொன்னார். “விடியத்தொடக்கம் உதைத்தான் யோசிக்கிறன். உவன் உதைச் சொல்லான்.”

“சுவாமியாரிட்டை ஒருக்காச் சொல்லேலாதோ?”

“இப்பவோ? பாதிப் பூசை முடிஞ்சுது. இருந்து பாருங்கோ, உவன் ‘இன்பத்திலும் இன்பத்திலும்’ எண்டுதான் சொல்லப்போறான்.”

முன்வாங்கில் போசன் ஒருதரம் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அதே பயம் என்று முகம் சொன்னது.

சுவாமியார் துண்டு துண்டாகச் சொல்ல, மாப்பிள்ளை திருப்பிச் சொல்லவேண்டும். பெயரைச் சொன்னார். இன்பத்திலும் என்றார். அடுத்த சொல்லைச் சுவாமியார் எடுத்துக் கொடுத்தார்.

சுவாமியார் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். பிலோமினா முக்காட்டுக்குள்ளிருந்து தலையைக் கொஞ்சம் திருப்பி அவரைப் பார்த்தார். அவரும் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்தபடியே, “துன்பத்திலும்” என்றார். விழுங்காமல், ஒவ்வோர் எழுத்தாக. பிறகு நோயையும் சொன்னார். கடைசிச் சொல்லையும் சொன்னார்; அதற்குமட்டும் குரல் தாழ்ந்தது, பிலோமினாவுக்கு மட்டும் கேட்டால் போதும் என்பதுபோல.

“சொல்லிப்போட்டான்,” என்று போர்மன் கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

இஃப் அண்ணை வாயால் சொன்ன அவற்றில் ஒன்றுகூட அந்த இரண்டு பேரிடமும் வந்துவிடக் கூடாது என்று, அந்தக் கோயிலில் இருந்த புனிதர் சுரூபங்களிடம் இடது பக்கத்தில் தொடங்கி, ஒருவரையும் விட்டுவிடாமல், வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன்.